‘வேண்டாம்’ என்று சொல்லப் பழகுவோம்



எமது வீடுகளில் விருந்தாளி ‘போதும்’ என்று சொன்னால், ‘இன்னும் ஒரு அகப்பை போடலாம்’ என்பதுதான் அதன் பொருள். கையைக் கோப்பைக்கு மேலே பிடித்தாலும் விரலிடுக்கால் சோறு விழும். மூன்று தரம் மறுத்த பின்னரும் நான்காம் தரம் கேட்பதே உபசாரம் என்று சொல்லி எம்மை வளர்த்திருக்கிறார்கள். வந்தவர் பசியோடு எழும்பக்கூடாது என்ற கரிசனையில் பிறந்த நல்ல பழக்கம் இது. ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. எம்மவர் சொல்லும் ‘வேண்டாம்’ என்ற சொல் எம்மவர் காதில் ‘வேண்டாம்’ என்று விழுவதேயில்லை. சோற்றுக்கு இது பாதகமில்லை. மதுக் கிளாசுக்கும் சூதுக்கும் கடன் பத்திரத்துக்கும் இதே முறை தொடரும்போதுதான் குடும்பங்கள் ஆட்டம் காண்கின்றன.

கெட்ட பழக்கங்களைப் பற்றிப் பேசுபவர்கள் ஆசையைத்தான் முதற் குற்றவாளியாக நிறுத்துவார்கள். நாம் காணும் அளவில், ஆசை கெடுத்தவர்களைவிட முகத்தாட்சண்யம் கெடுத்தவர்களே எம்மிடையே அதிகம். ‘கேட்ட மனிசனுக்கு முகத்துக்கு நேரே எப்படி மாட்டன் என்கிறது?’ என்று யோசித்து யோசித்தே வாங்கக்கூடாததை வாங்கி, வைக்கக்கூடாத இடத்தில் கையெழுத்தை வைத்துவிடுகிறோம்.

ஊரில் கோயில் வீதியில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்குத் தருமரின் கதை தெரியும். சூது தீயது என்று அறியாதவரல்லர் அவர். ஆனாலும் பெரியவர் அழைத்தால் மறுப்பது முறையல்ல என்று எண்ணிச் சபைக்குப் போனார். நாட்டை இழந்தார், தம்பியரை இழந்தார், தம்மை இழந்தார், ஈற்றில் திரௌபதியையும் பணயம் வைத்தார். ‘நான் வரவில்லை’ என்ற இரண்டு சொற்கள் அவர் வாயில் வரவில்லை. அறிவும் ஒழுக்கமும் உள்ளவருக்கே இந்தக் கதியென்றால், சாதாரண மனிதர்களாகிய நாம் இதை ஒரு பயிற்சியாகவே எடுத்துப் பழக வேண்டும்.

இந்த நகரம் ஏன் கடினம்?

ஊரில் ஒருவன் தவறணைக்குப் போனால் மாலைக்குள் தாய்க்குத் தெரியும். அடுத்த நாள் மாமாவுக்குத் தெரியும். அந்தக் கண்காணிப்பு சில வேளைகளில் எரிச்சலூட்டியது உண்மைதான். ஆயினும் அது வேலியாகவும் நின்றது. லண்டனில் அந்த வேலி இல்லை. ஒரே அறையில் மூன்று பேர் இருந்தும் ஒருவர் இரவு வேலை, ஒருவர் பகல் வேலை என்று முகம் பார்ப்பதே அபூர்வம். அகதி விண்ணப்பம் போட்டவர்களுக்கோ முடிவு வரும்வரை பொதுவாக வேலை செய்யவே அனுமதியில்லை. கடிதம் வரும் வரும் என்று கதவைப் பார்த்திருக்கும் நீண்ட பகல்கள். போரில் கண்டவை திரும்பத் திரும்ப வரும் இரவுகள். ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு. ஏஜென்சிக்குக் கொடுக்க வாங்கிய கடன். இவற்றின் நடுவே ஒருவர் வந்து ‘வாடாப்பா, சும்மா ஒருக்கா’ என்று தோளில் கை போட்டால், அந்தக் கையைத் தட்டிவிட மனம் வராது. அழைப்பவரும் கெட்டவரல்லர். அவருக்கும் அதே தனிமைதான்.

ஆகவே, இதை எழுதுவது யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக அல்ல. புதிதாக வந்து குடியமர்ந்த குடும்பங்கள் எந்த இடங்களில் ‘வேண்டாம்’ என்று சொல்ல நேரும், அதை எப்படிச் சொல்லலாம் என்று முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும் என்பதே எமது நோக்கம். திருக்குறளில் 93 ஆவது அதிகாரம் கள்ளுண்ணாமை. 94 ஆவது சூது. 95 ஆவது மருந்து. வள்ளுவர் வைத்த அந்த ஒழுங்கிலேயே நாமும் போவோம்.

முதலாவது: நீட்டப்படும் கிளாஸ்

பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, புதுமனை புகுவிழா என எமது கொண்டாட்டங்களில் மண்டபத்தின் ஒரு மூலையிலோ, வாகனத் தரிப்பிடத்தில் காரின் பின்பெட்டியிலோ போத்தல் ஒன்று இருக்கும். ‘ஒரு பெக்தானே’ என்பார்கள். அந்த ஒரு பெக் எவ்வளவு என்று கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

இந்நாட்டில் மதுவை ‘யூனிற்’ என்ற அளவால் கணிப்பார்கள். ஆண்களும் பெண்களும் வாரத்துக்கு 14 யூனிற்றுக்கு மேல் ஒழுங்காகக் குடியாதிருப்பது பாதுகாப்பானது என்று பிரித்தானிய அரசின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016 இல் அறிவித்தார்கள். அதையும் ஒரே நாளில் குடிக்காமல் மூன்று நாளோ அதற்கு மேலோ பரவவிட வேண்டும் என்றார்கள். 40 வீத மதுசாரமுள்ள 70 சென்ரிலீற்றர் விஸ்கிப் போத்தலில் 28 யூனிற் இருக்கிறது. ஆகவே இருவர் சேர்ந்து ஒரு போத்தலை ஒரே இரவில் முடித்தால், ஒவ்வொருவரும் ஒரு வாரத்து உச்ச அளவை ஒரே மூச்சில் முடிக்கிறார்கள். பப்பில் ஊற்றித் தரும் ஒரு சிறு அளவு 25 மில்லிலீற்றர். அது 1 யூனிற். எமது விருந்துகளில் அளந்து ஊற்றுபவர் யார்? கண்மட்டத்தில் சரிக்கும் அந்த ‘ஒரு பெக்’ இரண்டோ மூன்றோ யூனிற் ஆகிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு யூனிற்றை உடம்பு வெளியேற்ற ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எடுக்கும். கோப்பியோ குளிப்போ இதை விரைவுபடுத்தாது. சனி இரவு 12 மணிக்குக் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, ஞாயிறு காலை 5 மணிக்குப் பெற்றோல் நிலைய வேலைக்கென்று காரை எடுப்பவர், தான் தூங்கி எழும்பிவிட்டதால் தெளிந்துவிட்டதாக எண்ணுவார். சுவாசத்தைச் சோதிக்கும் பொலிசாரின் கருவி அப்படி எண்ணாது. மது அருந்தி வாகனம் ஓட்டிய குற்றம் நிரூபிக்கப்பட்டால் குறைந்தது 12 மாதங்களுக்கு ஓட்டும் உரிமை பறிபோகும். தண்டப்பணத்தோடு 6 மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். எம்மவரில் எத்தனையோ பேரின் பிழைப்பு சில்லின் மேல்தான் ஓடுகிறது. மினிகாப் ஓட்டுகிறார்கள், சாமான் விநியோகிக்கிறார்கள். அத்தோடு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தையும் பார்க்கப்படும். ஒரு கிளாசுக்கு ‘வேண்டாம்’ சொல்லத் தயங்கியவர், பல வருடம் கழித்து உள்நாட்டு அமைச்சின் படிவத்தில் அதற்குப் பதில் எழுத நேரிடலாம்.

இங்கே முக்கியமான எச்சரிக்கை ஒன்று. தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர்கள் ரோசம் வந்து ஒரே நாளில் திடீரென்று நிறுத்தக்கூடாது. கை நடுக்கம், வியர்வை, பிரமை, வலிப்பு வரை வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் முதலில் தமது குடும்ப வைத்தியரிடம் போக வேண்டும். வைத்தியர் படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார். உள்ளூர் உதவி நிலையத்துக்கும் அனுப்புவார். வைத்தியரோடு பேசுவது இரகசியமாக இருக்கும்.

மொழி தெரியாது என்று பின்வாங்க வேண்டாம். நேரம் பதியும்போதே ‘தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்’ என்று கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு போய், ‘அப்பா எவ்வளவு குடிக்கிறார்’ என்று அவள் வாயால் ஆங்கிலத்தில் சொல்லவைப்பது எந்தப் பிள்ளைக்கும் செய்யக்கூடாத காரியம். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பிள்ளை மொழிபெயர்க்க வரும் வழக்கத்துக்கும் நாம் ‘வேண்டாம்’ சொல்ல வேண்டும்.

இரண்டாவது: பெற்றிங் கடை

எம்மவர் பெருந்தொகையாக வாழும் ஈஸ்ற்ஹாம், மனோர் பார்க் ஆகிய பகுதிகள் நியூஹாம் என்ற உள்ளூராட்சிப் பிரிவுக்குள் வருகின்றன. ஈஸ்ற்ஹாம் ரயில் நிலையத்தில் இறங்கி ஹை ஸ்றீற் நோர்த்தில் நடந்தவர்களுக்குத் தெரியும்: நகைக்கடை, மரக்கறிக்கடை, தோசைக்கடை என்று வரும் வரிசையில் இடையிடையே பெற்றிங் கடைகள். 2010 களின் நடுப்பகுதியில் நியூஹாமில் மட்டும் 80 க்கு மேற்பட்ட பெற்றிங் கடைகள் இருந்தன. வறியவர்களும் புதிதாக வந்தவர்களும் நெருங்கி வாழும் இடத்தில் இவ்வளவு கடைகள் ஏன்?

காரணம் உள்ளே இருந்த இயந்திரங்கள். 2005 ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின்படி ஒரு கடையில் 4 இயந்திரங்கள்தான் வைக்கலாம். எனவே அதிக இயந்திரம் வைக்க விரும்பிய நிறுவனங்கள் ஒரே தெருவில் கடைக்கு மேல் கடை திறந்தன. ‘இந்தப் பகுதிக்கு இன்னொரு கடை தேவையா?’ என்று கேட்டு மறுக்கும் அதிகாரத்தையும் அதே சட்டம் எடுத்துவிட்டிருந்தது. அந்த இயந்திரத்தில் ஒரு தடவைக்கு 100 பவுண் வரை வைக்கலாம். 20 செக்கனுக்கு ஒரு தடவை ஆடலாம். நிமிடத்துக்கு 300 பவுண்! ஒரு வாரம் இரவு பகலாகக் கடையில் நின்று உழைத்த பணம், பஸ் வருவதற்குள் போய்விடும்.

நியூஹாம் கவுன்சில் ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பார்த்தது. 2013 இல் புதிய கடை ஒன்றுக்கு உரிமம் மறுத்தது, நிறுவனம் நீதிமன்றம் போனது, கவுன்சில் தோற்றது. ஆனாலும் அதோடு வாயை மூடிவிடவில்லை. 2014 இல் நாடெங்கும் உள்ள 90 க்கு மேற்பட்ட உள்ளூராட்சி சபைகளைச் சேர்த்துக்கொண்டு, 100 பவுணை 2 பவுணாகக் குறைக்க வேண்டும் என்று அரசிடம் கேட்டது. அரசு முதலில் ஏற்கவில்லை. சூதில் சகலதையும் இழந்தவர்களும், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 2018 இல் அரசு இணங்கியது. ஆனால் நடைமுறைப்படுத்தும் திகதியைத் தள்ளிப் போட்டது. அதை ஏற்க முடியாது என்று அத்துறைக்குப் பொறுப்பான அமைச்சர் ட்ரேசி குரூச் 2018 நவம்பரில் பதவியையே விட்டு விலகினார். கடைசியில் 2019 ஏப்பிரல் 1 ஆம் திகதி அந்த 100 பவுண் 2 பவுணாகியது.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் ‘வேண்டாம்’ தோற்றுப்போகலாம். தனியாகச் சொன்ன ‘வேண்டாம்’ எடுபடாமல் போகலாம். திரும்பத் திரும்ப, பலர் சேர்ந்து சொன்னபோது சட்டமே மாறியது. இது எமக்குப் புதிய செய்தியும் அல்ல. பிரித்தானியர் ஆண்ட காலத்தில், ஊர்மக்கள் வாக்களித்துத் தவறணையை மூடவைக்கும் ஏற்பாடு இலங்கையில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் எமது பாட்டன் பூட்டன் காலத்தவர்கள் அப்படி வாக்களித்துத் தவறணைகளை மூடவைத்தார்கள்.

இயந்திரத்தின் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது என்று நிம்மதியடைய முடியாது. சூது இப்போது கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. கட்டிலில் படுத்திருந்தபடியே, பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கும் தெரியாமல் ஆடலாம். 2020 ஏப்பிரலில் கடன் அட்டையால் சூதாடுவது தடை செய்யப்பட்டது. 2025 இல் இணையச் சுழல் இயந்திர ஆட்டங்களுக்கு ஒரு தடவைக்கு 5 பவுண் என்றும், 18 முதல் 24 வயது வரையானோருக்கு 2 பவுண் என்றும் எல்லை விதிக்கப்பட்டது. சட்டம் இவ்வளவுதான் செய்யும். மிச்சத்தை நாம்தான் செய்ய வேண்டும்.

‘லொத்தர் ரிக்கற்றும் சூதோ?’ என்று சிலர் கேட்பார்கள். தேசிய லொத்தர் 1994 நவம்பரில் தொடங்கியபோது 49 எண்களில் 6 எண்கள் பொருந்த வேண்டும். பெரும்பரிசு விழும் வாய்ப்பு ஏறக்குறைய 1 கோடியே 40 இலட்சத்தில் ஒன்று. 2015 ஒக்டோபரில் எண்களை 59 ஆக்கியபோது அது ஏறக்குறைய 4 கோடியே 50 இலட்சத்தில் ஒன்றானது. எப்போதாவது ஒரு ரிக்கற் எடுப்பது வேறு. ‘விழுந்தால் கடன் முழுக்கத் தீரும்’ என்று கணக்குப் போட்டுக் கிழமைதோறும் எடுப்பது வேறு. கடன் தீர்க்கும் வழியாகச் சூதை எண்ணத் தொடங்கினால் ஆபத்து வாசலுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

மருந்தும் இருக்கிறது. ‘காம்ஸ்ரொப்’ என்ற இலவச ஏற்பாட்டில் ஒருவர் தன் பெயரைப் பதிந்தால், பிரித்தானிய உரிமம் பெற்ற இணையச் சூதாட்ட நிறுவனங்கள் எல்லாம் அவரை 6 மாதமோ, 1 வருடமோ, 5 வருடமோ உள்ளே விடமாட்டா. பல வங்கிகளில், சூதாட்டத்துக்குப் பணம் போகாதபடி உங்கள் அட்டையைத் தடுத்துவைக்கக் கேட்கலாம். தேசிய சூதாட்ட உதவித் தொலைபேசி 0808 8020 133. இலவசம், 24 மணி நேரமும் ஆள் இருக்கும். சூதாட்டத்திலிருந்து மீள்வதற்கான தேசிய சுகாதார சேவையின் முதல் சிகிச்சை நிலையம் 2008 இல் லண்டனில்தான் தொடங்கப்பட்டது. பின்னர் இங்கிலாந்தின் வேறு பகுதிகளிலும் வந்தன. இது நோய், இதற்கு வைத்தியம் உண்டு. வெட்கப்பட்டு மறைப்பதுதான் நோயை வளர்க்கிறது.

மூன்றாவது: இரவல் கேட்கப்படும் பெயர்

இது போத்தலைப் போலக் கண்ணுக்குத் தெரியாது. புதிதாக வதிவிட உரிமை பெற்று, வங்கிக் கணக்குத் திறந்து, மூச்சுவிடத் தொடங்கும் வேளையில்தான் இது வரும். ‘தம்பி, உன்ரை பேரிலை ஒரு லோன் எடுத்துத் தா, மாதாமாதம் நான் கட்டுறன்.’ ‘தங்கச்சி, பிணைக் கையெழுத்து ஒண்டுதான்.’ ‘உன்ரை அக்கவுண்டிலை கொஞ்சக் காசு வரும், எடுத்துத் தா, உனக்கும் நூறு பவுண் தாறன்.’

முதல் இரண்டிலும் சட்டத்தின் முன் கடன்காரர் நீங்கள்தான். கேட்டவர் கட்டாவிட்டால் வரும் கடிதத்தில் உங்கள் பெயர்தான் இருக்கும். மூன்றாவது இன்னும் பாரதூரமானது. யாரென்று தெரியாதவர்களின் பணத்தை உங்கள் கணக்கினூடாக அனுப்பவிட்டால், அது குற்றச் செயலில் வந்த பணமாயின், பணச்சலவைக் குற்றத்தில் நீங்கள் மாட்டுப்படலாம். அதற்கு உயர்ந்தபட்சத் தண்டனை 14 வருடச் சிறை. வழக்கு வராவிட்டாலும் மோசடிப் பதிவேட்டில் பெயர் விழுந்தால் 6 வருடம் வரை நிற்கும். அதுவரை வங்கிக் கணக்கு, தொலைபேசி ஒப்பந்தம், வீட்டுக் கடன் எல்லாமே முட்டுக்கட்டைதான். நூறு பவுணுக்காக, இல்லை, முகத்தாட்சண்யத்துக்காக!

சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீட்டு எம்மைத் தாங்கிய வழக்கம் என்பதை மறுக்கமாட்டோம். வங்கி கதவைத் திறக்காத காலத்தில் எத்தனையோ பேர் சீட்டுக் காசில்தான் கடை தொடங்கினார்கள், தங்கையைக் கரைசேர்த்தார்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். 20 பேர் மாதம் 500 பவுண் கட்டும் சீட்டில் மாதாமாதம் 10,000 பவுண் ஒருவர் கைக்குப் போகிறது. அந்தப் பெரிய தொகைக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு ஒரு கொப்பியும் ஒருவரின் வாக்கும்தான். வங்கி முறிந்தால் வைப்புப் பணத்தைக் குறித்த எல்லை வரை மீட்டுத் தரும் காப்பு ஏற்பாடு இந்நாட்டில் உண்டு. சீட்டுக்கு அது கிடையாது. ஆகவே, ஒரு சீட்டைக் கட்ட இன்னொரு சீட்டில் சேர வேண்டாம். சீட்டை எடுக்கும் இன்னொருவருக்குப் பிணை நிற்க வேண்டாம். இழந்தால் வாடகை கட்ட முடியாமற் போகும் தொகையைப் போட வேண்டாம். சேமிக்கவும் சிறு கடன் பெறவும் உங்கள் பகுதிக் கடன் கூட்டுறவுச் சங்கத்தை விசாரியுங்கள். அதில் போடும் பணத்துக்கு அந்தக் காப்பு உண்டு. கடன் வட்டிக்கும் சட்டம் விதித்த எல்லை உண்டு.

ஏற்கெனவே கடனில் மூழ்கியிருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதம் முதல், கடன் ஆலோசகர் ஒருவர் மூலம் விண்ணப்பித்தால் 60 நாள் மூச்சுவிடும் அவகாசம் பெறலாம். அந்த நாட்களில் பெரும்பாலான கடன்களுக்கு வட்டி ஏறாது. கடன் கொடுத்தவர் நெருக்கவும் முடியாது. சிற்றிசன்ஸ் அட்வைஸ், ஸ்ரெப்சேஞ் போன்ற அமைப்புகளில் ஆலோசனை இலவசம். உரிமம் இல்லாமல் வட்டிக்குக் கொடுப்பவர் உங்கள் கடவுச்சீட்டையோ வங்கி அட்டையையோ பிடித்து வைத்திருந்தால், குற்றம் செய்பவர் அவரே. வாங்கிய நீங்கள் அல்ல. பயந்து ஒளிய வேண்டாம்.

எப்படிச் சொல்வது?

‘தெரியும், ஆனால் வாய் வருகுதில்லையே’ என்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

ஒன்று, முந்திச் சொல்லுங்கள். கிளாஸ் நிரம்பிய பிறகு மறுப்பதைவிட, மண்டபத்துக்குள் நுழையும்போதே ‘அண்ணை, நான் இண்டைக்கு எடுக்கிறதில்லை, கார் ஓட்டவேணும்’ என்று சொல்வது சுலபம். கையில் ஒரு ஜிஞ்சர் பியரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்கையைக் கண்டால்தான் கிளாஸ் தேடி வரும்.

இரண்டு, சுருக்கமாகச் சொல்லுங்கள். காரணம் நீள நீள, அதற்கு மாற்றும் வரும். ‘மருந்து எடுக்கிறன்’ என்றால் ‘ஒரு சொட்டு ஒண்டும் செய்யாது’ என்பார்கள். ‘மனிசிக்குப் பயமோ?’ என்று சிரிப்பார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே அதே சொல்லைத் திரும்பச் சொல்லுங்கள்: ‘வேண்டாம் மச்சான்.’ மூன்றாம் தரம் கேட்பவருக்கு அலுத்துவிடும்.

மூன்று, வீட்டின் பெயரில் சொல்லுங்கள். கணவனும் மனைவியும் முன்கூட்டியே கதைத்து, ‘எமது பெயரில் யாருக்கும் கடன் எடுப்பதில்லை, பிணை நிற்பதில்லை’ என்று ஒரு முடிவுக்கு வாருங்கள். பிறகு யார் கேட்டாலும் ‘அண்ணை, நாங்கள் வீட்டிலை அப்பிடி முடிவெடுத்திருக்கிறம்’ என்று சொல்லலாம். கேட்டவரைச் சந்தேகப்பட்டதாக ஆகாது.

நான்கு, மறுக்கும்போது வேறொரு கையைக் கொடுங்கள். ‘கையெழுத்து வைக்கமாட்டன் அண்ணை. ஆனால் திங்கட்கிழமை உங்களோடை ஆலோசனை நிலையத்துக்கு வாறன்.’ நியூஹாமில் தமிழர் நலன்புரிச் சங்கம் போல, பல பகுதிகளில் எம்மவர் அமைப்புகள் இருக்கின்றன. அங்கே கூட்டிப் போவது, கடனுக்குப் பெயர் கொடுப்பதைவிடப் பெரிய உதவி. இதைக் கேட்டுக் கோபிப்பவருக்குத் தேவைப்பட்டது உதவியல்ல, உங்கள் பெயர்தான் என்பதும் அப்போது விளங்கிவிடும்.

ஐந்தாவது குறிப்பு கேட்பவர்களுக்கு. விருந்து வைப்பவர்களே, ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் ஒரு தரத்தோடு விடுங்கள். மது எடுக்காதவர்களுக்கென்று நல்ல குளிர்பானமும் தேநீரும் முன்னால் வையுங்கள். அவர்களை மூலைக்குத் தள்ளாதீர்கள். குடித்தவர் கார்ச் சாவியை எடுத்தால் வாங்கி வைப்பதும் விருந்தோம்பலே. குடியை விட்டு மூன்று மாதமான ஒருவரிடம் ‘இண்டைக்கு மட்டும்’ என்று கிளாசை நீட்டுபவர், அந்த வீட்டுப் பிள்ளைகளின் நிம்மதியைத்தான் தட்டிவிடுகிறார்.

பிள்ளைகள் என்றதும் ஒன்று. இந்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் போதைப்பொருளுக்கும் புகைத்தலுக்கும் தவறான சகவாசத்துக்கும் ‘நோ’ சொல்லப் படிப்பிக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வரும் பிள்ளை, வீட்டில் எம்மைப் பார்க்கிறது. மனமில்லாமலே கிளாசை வாங்கும் தகப்பனையும், அழுதுகொண்டே கையெழுத்து வைக்கும் தாயையும் கண்டால், பாடம் வகுப்பறையோடு நின்றுவிடும். நாம் மரியாதையாகவும் உறுதியாகவும் மறுப்பதைக் கண்டால், நாளை பாடசாலை வாசலில் யாரோ எதையோ நீட்டும்போது அதற்கும் வாய் வரும்.

நாம் இந்நாட்டுக்கு வெறுங்கையோடு வந்தோம். வீடு, வளவு, தோட்டம் எல்லாம் விட்டு வந்தவர்களிடம் இன்று இருப்பது உழைக்கும் உடம்பும், மாதச் சம்பளமும், நல்ல பெயரும்தான். கிளாஸ் உடம்பைக் கேட்கிறது. பெற்றிங் கடை சம்பளத்தைக் கேட்கிறது. பிணைப் பத்திரம் பெயரைக் கேட்கிறது. மூன்றையும் ஒரே நாளில் எதிர்க்க வேண்டியதில்லை. இந்தக் கிழமை உங்கள் வீட்டில் எது முதலில் கதவைத் தட்டுகிறதோ, அதற்கு மட்டும் ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பாருங்கள். சொன்னவரை மதித்து, அவர் பக்கம் நிற்க மற்றவர்களும் பழகுவோம்.